யோவாஸ் ராஜாவும் என் பெயர் போட்ட நாற்காலியும்

என் பிரியமான சொர்ணம் அக்காவுக்கு,

இதை நானே எழுதுகிறேன் அக்கா. யாரும் கை பிடிக்கவில்லை. ஒரு வரி முடிவதற்குள் டீ ஆறிப்போகிறது, ஆறட்டும். நம்ம சேக்காட்டு ஜெபவீட்டில் இத்தனை காலம் நீ வேதம் வாசித்தாய், நான் கேட்டேன். "நீயும் கத்துக்கயேன்டா ஏழுமல" என்பாய். "அதான் நீ கீறியே, எனக்கு எதுக்குக்கா?" என்பேன்.

நீ போனதும் வாசித்துக்காட்ட ஆள் இல்லை. உன் மகள் கிரேஸ்தான் கம்பெனி விட்டு வந்து, சாயங்காலங்களில் எனக்கு எழுத்து சொல்லிக்கொடுத்தாள். இப்போது பஸ் போர்டு படிக்கிறேன். மருந்துக்கடைப் பலகை படிக்கிறேன். சுவரில் ஒட்டிய கண்ணீர் அஞ்சலி ஒன்றையும் விடுவதில்லை. நம்ம ஏரியாவில் இத்தனை பேர் செத்திருக்கிறார்கள் என்பதே எனக்கு இப்போதுதான் தெரிகிறது. எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொன்னால் சிரிப்பாய்.

அந்தச் சந்தோஷத்தில்தான் ஒரு தப்பு நடந்தது. நீ இருந்தவரை ஜெபவீட்டில் எல்லோருக்கும் பாய். முதலில் வந்தவர் முன்னால் உட்காரலாம், மூட்டுவலிக்காரருக்கு மட்டும் ஓரமாக நாலு நாற்காலி. உன் காரியம் முடிந்த கொஞ்ச நாளில் பாஸ்கர் வீட்டுக்கு வந்தான். தெரியுமே, பருத்திப்பட்டு ஏரிப் பக்கம் வீடு கட்டி விற்கிறவன். கூட இரண்டு பேர். எனக்குச் சால்வை போட்டார்கள், காலைத் தொட்டார்கள். "இனிமே நீங்கதான் எங்க சபைக்குப் பெரியவர், மூப்பர்" என்றார்கள். பாஸ்டர் மாதம் ஒருமுறைதானே வருகிறார், மற்ற ஞாயிறெல்லாம் நான் சொல்வதுதான் என்றார்கள். அடுத்த வாரம் முன்வரிசையில் நாற்காலிகள் வந்து இறங்கின. ஒவ்வொன்றின் முதுகிலும் குடும்பப் பெயர். நடு நாற்காலியில் "மூப்பர் ஏழுமலை".

அக்கா, அதை நான் எழுத்துக் கூட்டிப் படித்தேன். யாரும் சொல்லித்தராமல் முழுசாகப் படித்தேன். அதில் உட்கார்ந்தால் பெயர் முதுகுப் பக்கம் போய்விடுகிறது, எனக்குத் தெரியவில்லை. அதனால் ஜெபம் முடிந்து எல்லோரும் போனபின் பின்னால் போய் நின்று இன்னொரு தரம் படிப்பேன். பாய்கள் எங்கே போயின என்று நான் கேட்கவில்லை.

ராத்திரி ஷிப்டில் ரயில் பெட்டி கழுவிவிட்டு, புடவை ஓரம் ஈரத்தோடு நேராக ஆராதனைக்கு வருவார்களே, நாகம்மாவும் மற்றவர்களும், அவர்கள் வாசலுக்கு வெளியே செருப்புகளுக்குப் பக்கத்தில் உட்கார ஆரம்பித்திருந்தார்கள். பெயர் போட்ட நாற்காலி காலியாக இருந்தாலும் அதில் உட்கார யாருக்குத் துணிச்சல் வரும்? எனக்கு அது தெரியவே இல்லை. என் முகம் முன்பக்கம் அல்லவா.

போன மாதம் ஆராதனையில், யாரும் எழுந்து பேசலாம் என்கிற சாட்சி நேரத்தில், கிரேஸ் எழுந்தாள். "நம்ம அக்காங்க இன்னாத்துக்கு வெளிய செருப்பாண்ட உக்காந்துகினு கீறாங்க? நாக்காலி யார் ஊட்டுது? இது ஜெபவீடா, கல்யாண மண்டபமா?" என்று கேட்டாள். குரல் அப்படியே நீ.

சாயங்காலமே பாஸ்கர் வந்துவிட்டான். "இன்னா மூப்பரே, நேத்து பொறந்த பொண்ணு நம்மள நிக்க வெச்சுக் கேள்வி கேக்குது. அவ இனிமே சபையில வாயத் தொறக்கக் கூடாது, புள்ளைங்களுக்குப் பாடமும் எடுக்கக் கூடாது. ஞாயித்துக்கெழம நீங்க எழுந்து ஒரு வார்த்த சொன்னாப் போதும்" என்றான். மழைக்கு ஒழுகுகிற கூரையை எடுத்துவிட்டு கான்கிரீட் போட்டுத் தருவதாகவும் சொன்னான். நான் தலையை ஆட்டினேன். ஏன் ஆட்டினேன்?

ராஜாக்கள் கதை என்றால் எனக்கு ஆசை என்று உனக்குத் தெரியும். அந்த வாரம் வேதம் வாசிக்கும்போது யோவாஸ் ராஜா வந்தான். அவனைக் குழந்தையிலேயே கொல்லப் பார்த்தார்கள். ஆசாரியன் யோய்தாவும் அவர் பெண்டாட்டியும் ஆலயத்திலேயே ஒளித்து வளர்த்து, ஏழு வயதில் சிம்மாசனத்தில் உட்கார வைத்தார்கள். யோய்தா உயிரோடிருந்த நாளெல்லாம் ராஜா ஒழுங்காகத்தான் இருந்தான், ஆலயத்தைக்கூடப் பழுதுபார்த்தான். கிழவர் செத்தார். பிரபுக்கள் வந்து ராஜாவை வணங்கினார்கள், அவன் அவர்களுக்குச் செவிகொடுத்தான். என்ன சொன்னார்கள் என்று எழுதவே இல்லை அக்கா! மேலே கீழே விரல் வைத்துத் தேடிப் பார்த்தேன். வணங்கினார்கள், கேட்டான், அவ்வளவுதான். ஆலயத்தை விட்டுவிட்டார்கள். யோய்தாவின் மகன் சகரியா எழுந்து, ஏன் இப்படிச் செய்கிறீர்கள் என்று கேட்டான். ராஜா சொல்லித்தான் அவனை ஆலயத்து முற்றத்திலேயே கல்லால் அடித்துக் கொன்றார்கள்.

ராஜாவுக்கு அவன்மேல் கோபம் என்றுகூட அங்கே இல்லை. சகரியாவின் அப்பா தனக்குச் செய்த தயவை நினைக்கவில்லை என்றுதான் இருக்கிறது. என் பெண்டாட்டி செத்த வருஷம் என் இரண்டு பிள்ளைகளும் யார் வீட்டுச் சோறு தின்றார்கள்? புத்தகத்தை மூடிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை எழுந்தேன். பாஸ்கர் என்னையே பார்த்தான். "முதல்ல ஒரு அதிகாரம் வாசிக்கிறேன்" என்றேன். சபைக்கு முன்னால் நான் வாசித்தது அதுதான் முதல் தடவை. பெயர்கள் பல்லில் மாட்டின. "மெதுவா மாமா, அவசரமே இல்ல" என்றாள் கிரேஸ். என்னிடமிருந்து என்ன வரப்போகிறது என்று அவளுக்குத் தெரியாது. தயவை நினைக்கவில்லை என்ற இடத்தில் நின்றேன்.

"சொர்ணம் அக்கா பொண்ண வாய மூடச் சொல்லி எங்கிட்ட கேட்டாங்க. நானும் சரின்னு தலய ஆட்டினேன். இப்ப முடியாதுன்றேன். அவ பேசுவா, பாடமும் எடுப்பா" என்றேன். பிறகு வாசல் பக்கம் பார்த்து, "நாகம்மா, உள்ள வாங்க எல்லாரும்" என்றேன்.

"கவுத்துட்டியே பெரிசு" என்றான் பாஸ்கர். மூப்பர் அந்த நிமிஷமே பெரிசு ஆகிவிட்டான்.

நாகம்மா என் நாற்காலியில் உட்கார மாட்டேன் என்றாள். "இதுல உக்காந்தா தூங்கிப் பூடுவேன் மாமா, பாயே குடு" என்றாள். பாய்கள் பாத்ரூம் பக்கத்தில் சுருட்டிக் கிடந்தன. ஒன்றைக் கரையான் தின்றிருந்தது.

மூன்று குடும்பங்கள் நாற்காலிகளை எடுத்துக்கொண்டு போய்விட்டன. கான்கிரீட் கூரை இல்லை. போன வாரம் மழையில் பாதி ஆராதனையை வாளிகளுக்கு நடுவில் நடத்தினோம். பாஸ்கர் திரும்பி வருவானா, தெரியாது. வந்தால் பாயில் இடம் இருக்கிறது. சால்வையை என்ன செய்வது என்றும் இன்னும் முடிவு செய்யவில்லை. குளிருக்கு நன்றாக இருக்கிறது, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

கிரேஸ் தைரியமாகத்தான் இருக்கிறாள். அன்றைக்குக் கூட்டம் கலைந்த பிறகு மட்டும், "என்னை நிறுத்திடுவீங்களோன்னு பயந்தேன் மாமா" என்றாள். நானும்தான் பயந்தேன் என்று சொன்னேன்.

அக்கா, நீ இருந்த நாளெல்லாம் ஏழுமலை நல்லவனாக இருந்தான் என்று யாரும் சொல்லலாம். அதில் பெருமை உனக்குத்தான், எனக்கு என்ன இருக்கிறது? நீ இல்லாத நாட்கள் இனிமேல்தான் நிறைய. அந்த நாட்களைப் பற்றியும் அதே வார்த்தையைச் சொல்லும்படி நடந்துகொள்வேன். யாராவது வந்து வணங்கினால், என்ன வேண்டும் என்று முதலில் கேட்பேன்.

உன் வீட்டுச் சோற்றால் உனக்குத் தம்பியான,
ஏழுமலை