பதினேழாம் நம்பர் தட்டு

அக்கா பெற்ற தங்கத்துக்கு மாமா எழுதுவது.

ஆய்வுக்கூடம் என் தலைமையில் நன்றாக நடக்கிறது. தட்டு கழுவுகிறவன்தானே என்பாள் உன் அத்தை. நான் கழுவாவிட்டால் அங்கே விஞ்ஞானமே கிடையாது. மைக்ராஸ்கோப்பில் ஏதாவது புரியவில்லையென்றால் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள்.

குழந்தை இன்று எவ்வளவு எடை? கண்ணாடிப் பெட்டிக்குள் கையை விட்டுத் தொட அனுமதித்தார்களா?

எட்டாம் மாதமே பிரசவமான அன்று நீ ஆராய்ச்சிக்குக் கொடுத்த நஞ்சுக்கொடியின் செல்கள் பதினேழாம் தட்டில் வளர்வதாக எழுதியிருந்தேன். அது தழைக்கிறவரை பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது என்றும் எழுதினேன். அந்தக் கடிதத்தைத் தலையணைக்கடியில் வைத்திருப்பதாக அத்தையிடம் பதில் கொடுத்தனுப்பினாய். பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது என்ற அந்த வரி என் சொந்தச் சரக்கு, அம்மா.

இன்று அந்தத் தட்டு, செல்கள் செத்துப்போய், கழுவ வந்துவிட்டது. ஆராய்ச்சி அம்மாவிடம் ஓடினேன்.

"எது யாரோடதுன்னு எங்களுக்கே தெரியாதுண்ணே. வெறும் நம்பர்தான். இந்த செல் எல்லாம் ஒரு வாரம் தாங்கினாலே பெரிசு."

"அப்ப பிள்ளைக்கு?"

"பிள்ளைக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? பொறந்த அன்னிக்கே நஞ்சுக்கொடி வேலை முடிஞ்சுபோச்சு. இனிமே பிள்ளை தானா மூச்சு விட்டுத்தான் வளரணும்."

இதில் ஒரு சொல்லும் நான் சேர்க்கவில்லை. வேறு யாராவது சொல்லி நீ பதறுவதற்குள் நானே எழுதுகிறேன்.

தட்டை விடு, பிள்ளையைப் பார். எடையை மட்டும் எழுதி அனுப்பு. ஊருக்குச் சொல்லும்போது பத்து கிராம் கூட்டிச் சொல்வேன். உன்னிடம் இனி எதையும் கூட்ட மாட்டேன்.

உன் தாய்மாமன்