மூன்றாவது பெயர் வேண்டாம்

அன்பு மகன் பிங்ஷியாங்குக்கு அப்பா எழுதுவது. பழைய பெயரை, வென்தியன் என்று எழுதத்தான் கை போகிறது, பிடித்து நிறுத்தி எழுதுகிறேன். நான் சுகம், அம்மா உடம்பளவில் சுகம், உன் தோள்பட்டை எப்படி இருக்கிறதோ என்பதுதான் சோறு தின்னும்போதும் நினைப்பு. கொய்யாவுக்கெல்லாம் பை கட்டி முடித்தாயிற்று, இந்த வருஷம் புயல் நம் பக்கம் வரவில்லை.

அமெரிக்காவில் பேஸ்பால் அணி உன்னை வேண்டாமென்று அனுப்பிவிட்டதாக நீ போனில் சொன்னபோது கொய்யா விலையைப் பேசிவிட்டு வைத்துவிட்டேன், அதனால்தான் எழுதுகிறேன். வேறொரு ஜோசியர் பெயரை இன்னொரு தடவை மாற்றச் சொல்கிறார், மாற்றிக்கொண்டு மெக்சிகோவில் பந்து வீசப் போகிறேன் என்றாய். பக்கத்துத் தோட்டத்து சாய் மாமாவிடம் சொன்னேன். இப்படியே போனா பையன் ஜெயிக்கிறானோ இல்லையோ, சட்டையில பேர் தைக்கிறவன் மாடி வீடு கட்டிருவான் என்றார். அங்கே சிரித்தேன், வீட்டுக்கு வந்ததும் அழுகை வந்துவிட்டது. பெயர் மாற்றிக்கொண்டு நன்றாக ஆடிய பேஸ்பால்காரர்கள் நம் தைவானில் இல்லாமலில்லை. தைச்சுங் நகர அணியில் ஆடும்போது உன் தோளில் கத்தி வைத்தார்களே, அந்த வருஷம் அம்மாதான் உன்னைக் கோயில் பக்கத்து ஜோசியரிடம் இழுத்துப் போய் வென்தியனைப் பிங்ஷியாங் ஆக்கினாள். இனிமே என் புள்ளைக்கு வலியே வராது என்று தெருவெல்லாம் சொன்னாள். பெயர் புதிது, தோள் பழையதுதானேப்பா.

அம்மாவுக்கு மறதி முற்றிவிட்டது, உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது. நீ ஆடிய பழைய இறுதி ஆட்டத்தை டிவியில் போட்டு, வென்தியன் என்று உன்னைக் காட்டினால் எழுந்து கைதட்டுகிறாள். பிங்ஷியாங் என்றால் யாரென்று தெரிவதில்லை. போன மாதம் நீ கடைசியாக வீசிய ஆட்டத்தை அவளைப் பக்கத்தில் உட்காரவைத்துத்தான் பார்த்தேன். ஒவ்வொரு பந்துக்கும் நீ பல்லைக் கடித்தாய். அவள் டிவியைக் கைகாட்டி, யாரு பெத்த புள்ளையோ, கை வலிக்குது போல, போதும்பா வீட்டுக்குப் போன்னு சொல்ல ஆளில்லையா, இவங்கம்மா எங்க போனா என்று கேட்டாள். அவளால் சொல்ல முடியாததை நான் சொல்கிறேன், போதும்பா, வீட்டுக்கு வா.

மாட்ஸு அம்மன் உனக்குத் துணையிருப்பாள். தோளுக்கு ஒத்தடம் கொடுப்பதை விட்டுவிடாதே. வந்ததும் எந்தப் பெயரையும் அவளிடம் சொல்லாதே, அம்மா என்று மட்டும் கூப்பிடு, அதற்காவது திரும்பிப் பார்க்கிறாளா பார்ப்போம்.

உன் அப்பா,
குவோ ஷுயிமூ