துடைத்துவிட்ட புள்ளிகள்

ஜனவரி 6, திங்கள்
வயலின் இருக்கிறது, கிளாரினெட் இருக்கிறது, செல்லோகூட ஒன்று இருக்கிறது. எல்லாம் ஒரு தொழிற்சாலை நன்கொடையாகக் கொடுத்தவை. வாசிக்கத்தான் எதுவும் இல்லை. பெங்களூரு கடையில் முழு ஆர்கெஸ்ட்ராவுக்கான இசைத்தாள் விலை கேட்டேன். போனை வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தேன்.

பிரின்சிபால் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: "ஆண்டு விழாவுல முழுசா ஒண்ணு வாசிக்கட்டும் மிஸ். இல்லன்னா மியூசிக் பீரியட கணக்குக்குக் குடுத்துடுவேன்." இரண்டு வருடமாகச் சுர வரிசை மட்டுமே வாசிக்கும் பிள்ளைகளை வைத்துக்கொண்டு எப்படிச் சண்டை போடுவது?

ஜனவரி 9
கிடைத்துவிட்டது! ஒரு வெளிநாட்டு நூலகம் பழைய இசைத்தாள்களை ஸ்கேன் செய்து இலவசமாகப் போட்டிருக்கிறது. ஒரு நடன இசை. எழுதியவர் இறந்து நூறு வருடத்துக்கு மேலாகிறது, பதிப்பும் அந்தக் காலத்தது. யார் வேண்டுமானாலும் அச்சடித்து வாசிக்கலாம். முதலில் எடுத்து வைத்தது வேறொன்று. அதைச் சின்ன ஆர்கெஸ்ட்ராவுக்கு மாற்றி எழுதியவர் உயிரோடு இருக்கிறார், உரிமை அவருடையது என்று தெரிந்ததும் விட்டுவிட்டேன்.

தாள்தான் ஒரே அழுக்கு. மைத்தீற்றல், பூச்சி அரித்த தடம்.

ஜனவரி 11
என் மாணவி யாழினியின் அப்பா பூபதி வந்தார். உதிரிபாகக் கம்பெனியில் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். "எங்கிட்ட குடுங்க மிஸ். டிராயிங்க கிளீன் பண்றாப்பல பண்ணி பிரிண்ட் போட்டுத் தரேனுங்க. பேப்பர் என் செலவு." வேண்டாம் என்று சொல்கிற நிலையிலா இருக்கிறேன்? கும்பிட்டுவிட்டேன்.

ஜனவரி 20, திங்கள்
பொங்கல் லீவு முழுக்க உட்கார்ந்து செய்திருக்கிறார். தாள் பளிச்சென்று வெள்ளை. பிள்ளைகள் முகர்ந்து பார்த்தார்கள்.

வாசித்தால்... என்ன இது? வயலின்கள் முன்னால் ஓடி முடித்துவிட்டு நிற்கின்றன. ஹரீஷ்குமாரின் செல்லோ மட்டும் இழுத்துக்கொண்டே இருக்கிறது. கத்தினேன். பாவம், பிள்ளைகள் மேல் தப்பில்லை. தாளில் ஒரு புள்ளிகூட இல்லை! சுரத்தின் தலைக்கு மேல் புள்ளி இருந்தால் வெட்டி வாசிக்க வேண்டும், பக்கத்தில் இருந்தால் அரைப் பங்கு நீட்ட வேண்டும். மனுஷன் எல்லாவற்றையும் அழுக்கு என்று துடைத்துவிட்டார்.

ஜனவரி 21
திட்டத்தான் போன் செய்தேன். "கறுப்புப் புள்ளி இருந்தா எங்க லைன்ல ரிஜெக்ட்டுங்க மிஸ். சாப்ட்வேர் எடுத்தது போக மிச்சத்த நானே ஒண்ணொண்ணா எடுத்தனுங்க..." குரல் உடைந்துவிட்டது. அதற்குமேல் என்ன திட்டுவது?

பழையதையே அச்சடிக்கலாம்தான். ஆனால் அதில் எது அழுக்கு, எது புள்ளி? எனக்கே தடுமாறுகிறது, பிள்ளைகள் என்ன செய்வார்கள்? உட்கார்ந்து உண்மையான புள்ளிகளை மட்டும் சிவப்புப் பேனாவால் வட்டமிட ஆரம்பித்திருக்கிறேன். கண் எரிகிறது.

ஜனவரி 26, ஞாயிறு
கொடியேற்றம் முடிந்தும் பெற்றோர்கள் வீட்டுக்குப் போகவில்லை. பூபதிதான் எல்லாரையும் பிடித்து நிறுத்தினார். நான் வட்டமிட்ட பழைய தாளைப் பார்த்து, அவரவர் பிள்ளையின் வெள்ளைத் தாளில் அவரவரே புள்ளி வைத்தார்கள். கெலவரப்பள்ளிப் பக்கம் ரோஜாத் தோட்டம் வைத்திருக்கும் நாகம்மாளின் மகள் வயலின் வாசிக்கிறாள். நாகம்மாள் பேனாவை வாங்கிக்கொண்டு, "தெனம் வாசல்ல வெக்கறேன், பேப்பர்ல வெக்க மாட்டனா?" என்றார்.

பூபதிக்குக் கை சும்மா இருக்குமா? ஒவ்வொரு தாளாக வாங்கிச் சரிபார்த்தார். "இது மேல இல்லீங்க, பக்கத்துல."

"எல்லாத்தையும் தொடச்சு உட்டுட்டு எங்கள வேற திருத்தறியாண்ணா?" என்றார் நாகம்மாள். பூபதியே சிரித்துவிட்டார்.

எதற்கு இந்தப் புள்ளி என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். கைதட்டிக் காட்டினேன், பாடிக் காட்டினேன். தொண்டை கட்டிவிட்டது. இவர்களுக்கு நான் என்ன செய்தேன், எனக்காக இப்படி உட்கார?

பிப்ரவரி 8
ஆண்டு விழா. முழுசாக வாசித்துவிட்டார்கள்! கிளாரினெட் ஒன்று நடுவில் கீச்சிட்டது, போகட்டும்.

பிப்ரவரி 15, சனி
பெற்றோர் கூட்டம். பிரின்சிபால் மறுபடி ஆரம்பித்தார்: "நல்லாத்தான் வாசிச்சாங்க. ஆனா அடுத்த வருஷம் பத்தாவது. அந்தப் பீரியட கணக்குக்கு மாத்தலாங்கிறவங்க கை தூக்குங்க." பதில் பேச எல்லாம் மனப்பாடம் செய்து வந்திருந்தேன்.

ஒரு கைகூட எழவில்லை. நாகம்மாள்தான் எழுந்தார். "மேடம், எம் பொண்ணு தாள்ல புள்ளி வெச்சது நானு. விழாவன்னிக்கு அந்த எடம் வந்தப்ப எனக்கு அந்தப் புள்ளி கேட்டுச்சு. இத்தன நாளா அவ வாசிச்சது எனக்கு வெறுஞ்சத்தந்தான்."

பிரின்சிபால் கையிலிருந்த பேப்பரை மடித்து வைத்தார். பிறகு, "சரி, பீரியட் இருக்கட்டும்" என்றார். நான் பேச வேண்டிய அவசியமே வரவில்லை.