அப்பாவின் மொட்டை

லண்டன்
12.3.1988

அன்புள்ள அப்பாவுக்கு,

மகள் நவமணி வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம். நீங்களும் அம்மாவும் தம்பி சீனியும் சுகமா? செமோரில் மழை விட்டதா?

பயப்பட ஒன்றுமில்லை. நான் வேலை செய்யும் ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர் என் நெற்றிக்கு மேலுள்ள வெள்ளை முடியைப் பார்த்து, வீட்டில் யாருக்காவது காது கேட்காதா என்றார். சீனியைப் பற்றி இவருக்கு யார் சொன்னது? ரத்தம் வேறு கேட்டார். நம் மலேசியாவிலிருந்து, செமோருக்குப் பக்கத்துக் கோப்பெங்கிலிருந்து வந்த நர்ஸ் கத்தரின், "குடுக்காதக்கா, எதுக்குனு மொதல்ல கேளுலா" என்றாள்.

கேட்டேன். கரு வளரும்போது மற்ற மரபணுக்களை வேலை வாங்கும் மரபணு ஒன்று உண்டாம். அது பழுதானால் முடிக்கு நிறம் தரும் செல்களும் காதுக்குள் போகவேண்டிய செல்களும் சரியாக உருவாகாதாம். எந்த மரபணு என்று இன்னும் தேடுகிறார்கள். பெரும்பாலும் பெற்றவர்களில் ஒருவரிடமிருந்து வருமாம்.

என் வெள்ளை முடியை முருகன் இட்ட விபூதி என்றீர்கள். சீனியின் காதுக்கு மட்டும், "இவ மாசமா இருக்கையில கெரகணத்துல வெளிய போனா, அதான்" என்று அம்மாவைக் காட்டி ஊரெல்லாம் சொன்னீர்கள். அம்மாவுக்குத் தலை முழுக்கக் கறுப்பு. நேர்த்திக்கடன் என்று சொல்லி, முடி முளைக்கவிடாமல் மொட்டை போடுவது நீங்கள்தான்.

கொஞ்சம் நெத்திலிக் கருவாடு அனுப்புங்கள். கத்தரினை வேறு வார்டுக்கு மாற்றிவிட்டார்கள், பேச ஆளில்லை. அப்புறம், ஒரு மாதம் மட்டும் மொட்டை போடாதீர்கள் அப்பா. அம்மா பார்க்கட்டும்.

டியூட்டிக்கு நேரமாகிவிட்டது.

நவமணி