இலை மறைக்கிறது

அக்டோபர் 6, ஞாயிறு

இந்த வருடம் முந்நூற்றுப் பன்னிரண்டு படங்கள். இளையோர் இயற்கைப் படப் போட்டி என்று பெயர். பாதிப் படங்களில் இளையோரும் இல்லை, இயற்கையும் இல்லை. அப்பா எடுத்துக் கொடுத்த பட்டாம்பூச்சியைப் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடுகிறது. கூண்டுக் கம்பியோடு ஒரு புலி வேறு.

எடுத்தவர் பெயர் எங்களுக்குத் தெரியாது. எண் மட்டும்தான். தள்ளுபடியாகும் ஒவ்வொரு படத்தின் பின்னாலும் ஒரு வரி திருத்தக் குறிப்பு எழுதித் திருப்பி அனுப்புவது எங்கள் புகைப்படச் சங்கத்தின் வழக்கம். மூன்று நடுவர்களில் எழுதுவது நான் ஒருத்திதான். "உங்க கையெழுத்து முத்து முத்தா இருக்கு மேடம்" என்று சொல்லிச் சொல்லியே தலைவர் பத்து வருடமாக இதை என் தலையில் கட்டிவருகிறார்.

இன்று எழுபது எழுதினேன். முதல் பத்து கவனமாக. அப்புறம் கை தானாக ஓடுகிறது. 'இன்னும் கிட்டப் போ.' 'பின்னணி குழப்பம்.' 'கண் தெளிவாக இல்லை.' அக்கா தையல் மிஷினிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னாள்: "வாத்தியாருங்க கூட இவ்வளவு சிவப்பு மை செலவு பண்ண மாட்டாங்கடி."

அக்டோபர் 9, புதன்

கண் ஆஸ்பத்திரியில் இன்று நாற்பத்தொரு விழித்திரைப் படங்கள் எடுத்தேன். "பச்சைப் புள்ளியையே பாருங்க, சிமிட்டாதீங்க" — இதைச் சொல்லாத நாளே என் வாழ்க்கையில் இல்லை. சாயங்காலம் அக்காவிடமும் சொல்லிவிட்டேன். ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். நல்லவேளை, குத்தவில்லை.

அக்டோபர் 13, ஞாயிறு

எண் நாற்பத்தேழு.

நடுவர்கள் மூன்று பேரும் ஒரே நேரத்தில் படத்தின் மேல் குனிந்தோம். ஒரு சின்னக் கூடு. மூன்று குஞ்சுகள், மூன்று வாய்களும் ஆகாயத்தைப் பார்த்து அகலத் திறந்திருக்கின்றன. தொண்டையின் சிவப்பு வரை தெரிகிறது. குறுக்கே ஒரு துரும்பு கிடையாது. மேலிருந்து வெளிச்சம் அப்படியே கொட்டுகிறது.

"பசியைப் படம் புடிச்சிருக்காங்க பாருங்க" என்றார் தலைவர். "பாடுற மாதிரி இருக்கு" என்றேன் நான். பேச்சே இல்லாமல் முதல் பரிசு. மூலப் படங்களை வாங்கிச் சரிபார்க்கும் சடங்கு ஒன்று பாக்கி. முன்னும் பின்னும் எடுத்தவை எல்லாவற்றையும் கேட்போம், யாரும் ஏமாற்றிவிடக் கூடாதே என்று.

இப்படி ஒரு படத்துக்காகத்தான் பத்து வருடமாகச் சிவப்பு மை செலவழிக்கிறேன். மனசு நிறைந்திருக்கிறது.

அக்டோபர் 19, சனி

வந்துவிட்டன. இருநூற்றுப் பத்துப் படங்கள், எல்லாம் ஒரே நாளில் எடுத்தவை. கடைசி ஒன்று மட்டும் மறுநாள். கூடவே ஒரு கடிதம். எட்டாவது படிக்கும் பெண். ஆகஸ்ட் மாதம், வீட்டு மதிலோரச் செடியில், மாமாவின் கேமராவில் எடுத்தது.

காலை 6.40. கூட்டின் மேல் பெரிய இலை ஒன்று கவிந்திருக்கிறது. கூடே சரியாகத் தெரியவில்லை.
7.15. அந்த இலையைப் பின்னால் இழுத்து, தலையில் குத்தும் ரோஸ் கிளிப்பால் கிளையோடு சேர்த்துக் கவ்வ வைத்திருக்கிறது. பக்கத்து இரண்டு இலைகளுக்கும் அதே கதி.
9.30. தாய்ப்பறவை மதில்மேல். வாயில் புழு. வரவில்லை.
10.50. அதே மதில். அதே புழுவோ, வேறோ.
11.52. நம் முதல் பரிசு.
1.20. இரண்டு தலைகள் தொங்கிவிட்டன.
3.05. மூன்றும்.
மறுநாள் காலை. காலிக் கூடு. இலை திரும்பவும் மேலே கவிந்திருக்கிறது. கிளிப்பை எடுத்துவிட்டிருக்கிறாள்.

பசி இல்லை. பாட்டு இல்லை. உச்சி வெயில் நேரே இறங்கி, மூச்சு வாங்கி, வாயைப் பிளந்திருக்கின்றன. அந்த இலைதான் அவற்றுக்கு இருந்த ஒரே நிழல்.

கடிதத்தின் கடைசி வரிகள்: 'போன வருஷம் என் படத்துக்கு (எண் 112) நீங்கள் எழுதிய குறிப்பை மேஜைக்கு மேலே ஒட்டி வைத்திருக்கிறேன். அதில் இருந்த மாதிரியே செய்தேன் மேடம்.'

அக்டோபர் 20, ஞாயிறு

குறிப்புகளை நகல் எழுதி வைக்கும் நோட்டைத் தேடி எடுத்தேன். போன வருடம், எண் 112. என் முத்து முத்தான கையெழுத்து.

'நல்ல முயற்சி. இலை மறைக்கிறது. குஞ்சுகளின் முகம் தெரிந்தால் முதல் பரிசுக்குரிய படம்.'

எழுதிய நினைவே இல்லை. அன்றைக்கு எத்தனையாவது குறிப்போ, அறுபதோ எழுபதோ. முகம் தெரியணும்னு எழுதினேனே, எப்படித் தெரியவைக்கணும்னு ஒரு வரி எழுதினேனா? தள்ளி நின்னு, வேற பக்கம் போய், இல்லன்னா விட்டுடுன்னு? ஒரு வார்த்தை? பதின்மூணு வயசுப் பிள்ளைக்கு என்ன தெரியும்? எனக்குத் தெரியுமே. எனக்கு எல்லாம் தெரியுமே.

அக்கா தட்டை வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். எல்லாவற்றையும் காட்டினேன். வெகுநேரம் பார்த்தாள். "கண்ண வித்து சித்திரம் வாங்கின கதையா இருக்குடி" என்றாள். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

அக்டோபர் 21, திங்கள்

பழைய நோட்டுகளையும் எடுத்தேன். பத்து வருடத்தில் கூடு, முட்டை, குஞ்சு பற்றி இதே மாதிரி முப்பத்தெட்டுக் குறிப்புகள். எத்தனை பேர் சொன்ன பேச்சைக் கேட்டார்களோ.

அக்டோபர் 24, வியாழன்

தலைவரைப் போய்ப் பார்த்தேன். படங்களை வேகவேகமாகத் தள்ளிக்கொண்டே வந்தவர், கடைசிக்கு முந்தையதில் நின்றார். கண்ணாடியைக் கழற்றினார். நல்ல மனிதர்தான்.

"பரிசை ரத்து பண்ணிடலாம். காரணம் சொல்ல வேணாம், சின்னப் பொண்ணு. ஆனா நம்ம சங்கத்துக் காலண்டர்ல மார்ச் மாசம் அந்தப் படம்தான் மேடம். நீங்க சந்தோஷப்பட்டதைப் பார்த்து அன்னைக்கு சாயங்காலமே அச்சுக்கு அனுப்பிட்டேன். ரெண்டாயிரம் பிரதி ஓடியாச்சு."

சரிபார்க்கும் முன்னாலேயா? கேட்கவில்லை. கேட்க எனக்கு என்ன யோக்கியதை.

அக்டோபர் 27, ஞாயிறு

அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போனேன். போயிருக்கவே கூடாது. இல்லை, போனது சரி. பேசியதுதான் —

கதவைத் திறந்த அம்மாவுக்கு முகமெல்லாம் பல். "மேடம் நேர்லயே வந்துட்டீங்களே! பரிசா?" பரிசு இல்லை, மூலப் படங்களில் ஒரு சிக்கல் என்று மென்று விழுங்கினேன். அந்தம்மா முகம் விழுந்துவிட்டது.

பெண்ணின் அறை. மேஜைக்கு மேல் என் குறிப்பு. நான்கு மூலையிலும் டேப், ஒரு மூலை மட்டும் பெயர்ந்து சுருண்டிருந்தது. கேமரா பையோடு அலமாரியின் உச்சியில். அவள் பரிசைப் பற்றிக் கேட்கவே இல்லை.

"மேடம், அந்தக் குஞ்சுங்க செத்தது என்னாலயா?"

"ரெண்டு மாசமா இதே கேள்விதான். நீங்களாவது சொல்லுங்க" என்றாள் அம்மா.

அதற்காகத்தான் எல்லாப் படங்களையும் அனுப்பியிருக்கிறாள். ஒன்றைக்கூட அழிக்காமல். போட்டிக்காக இல்லை. விவரம் தெரிந்த ஒருத்தி பார்த்துச் சொல்லட்டும் என்று.

விவரம் தெரிந்த ஒருத்தி என்ன சொன்னாள்? "இயற்கைல இதெல்லாம் சகஜம்மா. காக்கா ஏதாவது வந்திருக்கும்."

என்னை நிமிர்ந்து பார்த்தாள். "படத்துல காக்கா இல்லையே மேடம்."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு என் முகத்தைப் பார்க்கவே இல்லை. அம்மா கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்து வந்தேன். படியிறங்கும்போது மதிலோரம் அந்தச் செடி. அதையும் நான் பார்க்கவில்லை.

கோழை. நாற்பத்தாறு வயசுக் கோழை.

நவம்பர் 3, ஞாயிறு

பரிசளிப்பு. முதல் பரிசு யாருக்கும் இல்லை என்று தலைவர் அறிவித்தார். நான் ஒலிபெருக்கியை வாங்கி, எண் 112க்கு எழுதிய குறிப்பை வாசித்தேன். அதனால் ஒரு கூடு அழிந்தது, தப்பு என்னுடையது என்றேன். பெயர் சொல்லவில்லை. பெற்றோர்கள் கைதட்டினார்கள்! எதற்கு என்று அவர்களுக்கே தெரிந்திருக்காது.

பல்லில் கம்பி போட்ட ஒரு பெண் கையைத் தூக்கினாள். "அப்ப முகம் தெரியாத படத்துக்கு இனிமே பரிசு குடுப்பீங்களா?"

அரங்கமே சிரித்தது. தலைவரும் சிரித்தார். ஒலிபெருக்கியை மேஜையில் வைத்துவிட்டு இறங்கினேன். பத்து வருடத்தில் ஒன்றுக்குக்கூடக் கொடுத்ததில்லை.

கேட்க வேண்டியவள் வரவில்லை. ஊருக்கெல்லாம் சொன்ன உண்மையை அந்த ஒரு அறையில் சொல்லத் துப்பில்லை.

நவம்பர் 4, திங்கள்

நடுவர் பொறுப்பிலிருந்து விலகுகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். "அவசரப்படாதீங்க மேடம், யாரு குறிப்பு எழுதுறது?" என்றார் தலைவர்.

டிசம்பர் 15, ஞாயிறு

காலண்டர் வந்துவிட்டது. மார்ச் பக்கத்தைப் பிரிக்கவில்லை.

அக்கா சொன்னாள்: "பேசத்தான் வாய் வரல. கையெழுத்துதான் முத்து முத்தா வருதே, எழுதித் தொலையேன்."

எழுதினேன். ஆறு முறை கிழித்துப்போட்ட பிறகு மிஞ்சியது இதுதான்: 'காகம் வரவில்லை. உன்னிடம் பொய் சொன்னேன். இலையை விலக்கியதால் வெயில் பட்டுத்தான் இறந்தன. நீ பக்கத்தில் நின்றதால் தாயும் வரவில்லை. விலக்கியது உன் கை. விலக்கத் தூண்டியது என் குறிப்பு. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும், உனக்கு இல்லை. அந்தத் தாளை மேஜையிலிருந்து எடுத்துவிடு.'

நீலப் பேனாவில் எழுதினேன்.

ஜனவரி 12, ஞாயிறு

பதில் இல்லை.

பிப்ரவரி 9, ஞாயிறு

இல்லை. வராது. நானாக இருந்தாலும் எழுதியிருக்க மாட்டேன்.

மார்ச் 1, சனி

ஆஸ்பத்திரி காத்திருப்பு அறையிலும் அதே காலண்டர். வருடா வருடம் நான் கொடுப்பது வழக்கம் என்பதால், வரவேற்பில் இருக்கும் பெண் சங்கத்திலேயே கேட்டு வாங்கி மாட்டியிருக்கிறாள். இன்று காலை பக்கத்தைத் திருப்பிவிட்டாள்.

கண்ணில் மருந்து விட்டு உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் கையை நெற்றியில் வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்கு மங்கலாத் தெரியுதும்மா. குருவிக் குஞ்சுங்களா? பாடுதா?"

ஆமாம் என்று சொல்லிவிட்டு நகர்ந்திருக்கலாம். "இல்லைங்க. வெயில் தாங்காம வாயத் திறந்திருக்கு" என்றேன்.

"படம் புடிச்சவங்க கொஞ்சம் நிழல் பண்ணியிருக்கலாமே" என்றார்.

அவரை உள்ளே அழைத்துப் போய்ப் பச்சைப் புள்ளியைப் பார்க்கச் சொன்னேன். அவர் சிமிட்டவே இல்லை, ஆனாலும் மூன்று முறை எடுக்க வேண்டியிருந்தது.

இன்னும் முப்பது நாள் அது அங்கே தொங்கும்.

மார்ச் 12, புதன்

நடுவராகத் திரும்பி வரச்சொல்லித் தலைவர் போன். மாட்டேன் என்றேன். இந்த ஒரு வார்த்தையாவது சுலபமாக வருகிறது.

மார்ச் 26, புதன்

தபாலில் ஒரு உறை. உள்ளே அட்டை வைத்துக் கவனமாக அனுப்பிய ஒரு படம். கடிதம் இல்லை.

அதே மதில். எதிர்ப்புறம் தள்ளி நின்று எடுத்திருக்கிறாள், மதிலின் முழு நீளமும் விழுந்திருக்கிறது. அதே செடிதான், ஆனால் அடர்ந்துவிட்டது. படம் முழுக்க இலை. இலைக்குப் பின்னால் இலை, அதற்குப் பின்னால் இருட்டு.

அக்கா எட்டிப் பார்த்தாள். "என்னடி இது, வெறும் இலையா இருக்கு?"

திருப்பினேன். பின்பக்கம், நான் எப்போதும் எழுதும் அதே இடத்தில், சிவப்பு மையில்: 'இலை மறைக்கிறது. தெரியும். குறிப்பு எழுத வேண்டாம்.'

பழக்கதோஷம், பூதக்கண்ணாடியை எடுத்துவந்து அந்த இருட்டில் தேடினேன். கூடு மாதிரி ஏதோ தெரிந்தது. கூடுதானா, குச்சிக் குப்பையா? உள்ளே ஏதாவது இருக்கிறதா? பத்து நிமிடம் இலை இலையாகப் பார்த்தேன். பிறகு கண்ணாடியைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.