எண்பதாம் பக்கத்துக்காரர்

அன்புள்ள அக்காவுக்கு,

“நாளைக்கு வந்து வாங்கிக்கோங்க” என்று செவ்வாய்க்கிழமை நான் சொல்லவில்லை. “இன்னும் நாற்பது பக்கம்தான் பாக்கி” என்றும் சொல்லவில்லை. புத்தகத்தை எடுத்து நீட்டினேன், கையெழுத்து வாங்கினேன், நன்றி கூடச் சொன்னேன். நீ பக்கத்தில் இருந்திருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பாய்.

முதலில் வீட்டுச் செய்தி. எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்துவிட்டது. அதை ஒப்புக்கொள்ளத்தான் மனம் வரவில்லை. நீ போனில் கேட்கும்போது மட்டும் வலிக்கிறது. தம்பி உன் அறையைப் பிடித்துக்கொண்டான். உன் புத்தக அலமாரியை மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. நீ ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா என்று அம்மா கேட்கச் சொன்னாள். சாப்பிடுகிறாய் என்று நானே பதில் சொல்லிவிட்டேன். என்னைப் பொய்க்காரி ஆக்கிவிடாதே.

நான் புதிதாகச் சேர்ந்திருக்கும் வேலையைப் பற்றி உனக்குச் சரியாகச் சொன்னதே இல்லை. பேருந்து நிலையத்தின் பின்பக்கம் ஓர் அறை. ஜனங்கள் வண்டியில் மறந்துவிட்டுப் போகும் பொருள்கள் எல்லாம் அங்கே வரும். ஒவ்வொன்றுக்கும் ஒரு மஞ்சள் சீட்டுக் கட்டி அடுக்கி வைப்போம். குடைகள், சாப்பாட்டு டப்பாக்கள், ஒற்றைச் செருப்பு, ஒரு தடவை ஒரு முழுப் பல்செட். அது இல்லாமல் அந்த மனிதர் எப்படி இறங்கிப் போனார் என்பதுதான் எங்கள் அறையில் இன்றுவரை தீராத விவாதம். உரியவர் வந்தால், வெளியிலிருந்து பார்த்தால் தெரியாத ஓர் அடையாளம் கேட்போம். சரியாகச் சொன்னால் பொருளைக் கொடுத்துவிட்டுச் சீட்டைக் கிழித்து வைத்துக்கொள்வோம். எங்கள் மேலாளருக்கு நான் மனதுக்குள் வைத்திருக்கும் பெயர் சாவிக்கொத்து. அவர் வருவதற்கு முன்பே அவர் இடுப்புச் சத்தம் வந்துவிடும். வந்த பொருளை யாரும் உபயோகிக்கக்கூடாது என்பது அவருடைய முதல் சட்டம். என் வேலையும் இன்னும் நிரந்தரமாகவில்லை.

போன மாதம் ஒரு தடித்த புத்தகம் வந்தது. மூன்று பாகக் கதையில் இரண்டாம் பாகம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நீ மூத்தவள், தம்பி செல்லம், நடுவில் நான். நம் வீட்டில் இரண்டாம் பாகம் நான்தானே. சொந்தக்காரர் பெயர் இருக்கிறதா என்று பார்க்கத்தான் திறந்தேன். எண்பதாம் பக்கத்தில் ஒரு மூலை மடிந்திருந்தது, பெயர் இல்லை. ஒரு பக்கம் படித்தேன். அப்புறம் தினமும் சாப்பாட்டு வேளையெல்லாம் அதற்கே போயிற்று.

மாயக் கதைதான், ஆனால் வாளும் கிடையாது, சிம்மாசனமும் கிடையாது. அந்த உலகத்தில் ஒவ்வொரு மந்திரத்துக்கும் ஒரு வார்த்தை விலை. மந்திரம் பலித்ததும் அந்த வார்த்தை கதாநாயகியின் வாயிலிருந்து என்றைக்குமாகப் போய்விடும். முதல் பாகத்தில் அவள் ஊதாரியாக இருந்திருக்க வேண்டும். இதில் தொடங்கும்போதே ‘கதவு’ போய்விட்டது. பிறகு ‘தண்ணீர்’ போகிறது, ‘நேற்று’ போகிறது. அவள் தேடிப் போவது அவளுடைய அக்காவை. அக்கா என்றதும் நான் விழுந்துவிட்டேன். நான் நிறுத்திய இடத்தில் பாலம் உடைந்து கிடக்கிறது, எதிர்க்கரையில் அக்கா நிற்கிறாள். பாலத்தைக் கட்ட ஒரு வார்த்தை கொடுத்தாக வேண்டும். அவளிடம் மிச்சம் மூன்றே மூன்று: ‘வா’, ‘போ’, ‘வேண்டாம்’.

அந்த நேரத்தில்தான், செவ்வாய்க்கிழமை, புத்தகத்துக்குச் சொந்தக்காரர் வந்து நின்றார். லிஃப்ட் மெக்கானிக். வேலை நடுவில் லிஃப்டின் தலைமேல் உட்கார்ந்து படிக்கிற பழக்கமாம். அங்கேதான் எங்கோ விட்டுவிட்டோம் என்று நினைத்து, போன மாதம் முழுக்க லிஃப்டுகளின் தலைகளைத் தேடியிருக்கிறார். நான் வழக்கப்படி அடையாளம் கேட்டேன். எண்பதாம் பக்கம் மடித்திருக்கும் என்றார். அதோடு நிறுத்தாமல், பாவம், அவளுக்குக் ‘கதவு’ போய்விட்டது என்று ஏதோ நெருங்கிய உறவுக்காரியைப் பற்றிச் சொல்வதுபோல் சொன்னார். கதவா, அதற்கப்புறம் என்னவெல்லாம் போச்சு தெரியுமா என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டேன்.

சாயங்காலம் சாவிக்கொத்து சீட்டு எங்கே என்று கேட்டபோதுதான் எனக்கு உயிரே போயிற்று. மஞ்சள் சீட்டை நான் பக்கக் குறிக்காக உள்ளே வைத்திருந்தேன். அது அங்கேயே, பாலத்துப் பக்கத்திலேயே போய்விட்டது. சீட்டைக் காணோம் என்று முனகினேன். அவர் ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான்.

மறுநாள் காலை லிஃப்ட் மெக்கானிக் திரும்ப வந்தார், புத்தகத்தோடு. சாவிக்கொத்து என் தோளுக்குப் பின்னால் நிற்கிறார். புகார்தான், வேலை போச்சு என்று நினைத்துக்கொண்டேன். வந்தவர் மஞ்சள் சீட்டை மேசைமேல் வைத்தார்.

“நான் இன்னும் எண்பதாம் பக்கத்துலதான் இருக்கேன். இது எங்கேயோ கடைசிப் பக்கங்கள்கிட்ட இருந்துச்சு. உங்களோடதா?”

நான் சீட்டைக் கையால் மூடினேன். அவர் விடவில்லை.

“அவ்வளவு தூரம் போனவங்க, மிச்சத்தப் படிக்காம எப்படித் தூங்கினீங்க?”

“தூங்கல” என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். புத்தகத்தை என் பக்கம் தள்ளினார். நான் முடிக்க வேண்டுமாம், சனிக்கிழமை வந்து வாங்கிக்கொள்வாராம். ஒரே நிபந்தனை: அவர் முடிக்கும்வரை மேற்கொண்டு நடப்பதைப் பற்றி மூச்சு விடக்கூடாது. நான் சாவிக்கொத்தைத் திரும்பிப் பார்த்தேன். அவர் பேனாவை எடுத்தார்.

“விட்டுட்டுப் போற பொருளுக்குப் புதுச் சீட்டுப் போடணும்” என்றார். போட்டார். ‘காரணம்’ என்ற இடத்தில் வழக்கமாக ‘மறதி’ என்று எழுதுவோம். அதில் ‘வேண்டுமென்றே’ என்று எழுதினார். போகும்போது, சாப்பாட்டு வேளையில் மட்டும் என்று என்னைப் பார்க்காமலே சொன்னார்.

அன்றே முடித்துவிட்டேன் அக்கா. அவருக்குத்தான் சொல்லக்கூடாது, உனக்கு இல்லை. நீ எப்படியும் எந்தப் புத்தகத்தையும் கடைசிப் பக்கத்திலிருந்து தொடங்குகிறவள். அவள் ‘போ’வைக் கொடுத்துவிட்டாள். இனி யாரையும் போ என்று சொல்ல அவளால் முடியாது. புத்தகத்தை மூடியதும் உன் நினைப்புதான் வந்தது. பெட்டி கட்டிய அன்று, போகட்டுமா இருக்கட்டுமா என்று என்னைத்தானே நீ கேட்டாய். நான் சொன்ன அந்த ஒரே வார்த்தை உனக்கும் ஞாபகம் இருக்கும்.

போனது தப்பில்லை. அந்த வேலை உனக்குப் பிடித்திருக்கிறது என்று உன் குரலிலேயே தெரிகிறது, எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் மூன்றாம் பாகம் மழைக்காலம் முடிந்ததும் வெளிவருகிறதாம். விடுமுறை எடுத்துக்கொண்டு வா. கடைசிப் பக்கத்தை நீ பார்த்துக்கொள், நான் முதலிலிருந்து வருகிறேன். எங்காவது நடுவில் சந்திப்போம். உன் அலமாரியைத் தூசி தட்டி வைத்திருக்கிறேன். நீ நன்றாக இருக்க வேண்டும். வா, அக்கா.

அன்புடன்,
உன் இரண்டாம் பாகம்

பி.கு.: இந்தக் கடிதத்தையும் நீ இங்கிருந்துதான் தொடங்கியிருப்பாய், அதனால் இதை இங்கே எழுதுகிறேன். சனிக்கிழமை அவர் முதல் பாகத்தைக் கொண்டுவந்தார். இரண்டாம் பாகத்தைத் திருப்பிக் கொடுத்தேன், சீட்டை மறக்காமல் எடுத்துக்கொண்டேன். டீ குடிக்க வாங்க என்று நான்தான் கூப்பிட்டேன். எதிர்க்கடையில் குடித்தோம். பெரும்பாலும் நானே பேசினேன்.