பின்முற்றத்துப் பாசி

டிச. 3, 1994. சனி.

விடிய விடியத் தூறல். வத்திராயிருப்புப் பக்கம் கண்மாய் உடைந்துவிட்டது என்று பஸ் ஸ்டாண்டில் பேச்சு. போய்ப் பார்த்தேன். உடைப்பு இல்லை, மடையோரம் கசிவு, மணல் மூட்டை அடுக்கியிருக்கிறார்கள். நான்கு வரிச் செய்தி எழுதி, மதுரைப் பேப்பர் ஆபீஸ் கவரில் போட்டாயிற்று.

வாங்க வேண்டியது: குடைக்குக் கம்பி, மண்ணெண்ணெய், அக்காவுக்குக் கண் சொட்டு மருந்து.

மாலையில் சென்னையிலிருந்து ஜெயசீலன் போன். அக்காவின் ஒரே மகன். போன மாதம் வந்தபோது பின்முற்றத்துப் பாசியில் சறுக்கி விழுந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டே ரயிலேறியவன்.

"மாமா, அடுத்த ஞாயித்துக்கெழம வாரேன். அந்த முற்றம் அப்பிடியே கெடந்துச்சுன்னா அம்மாவக் கையோட கூட்டிட்டுப் போயிருவேன். கண்ணும் சரியில்ல, தரையும் சரியில்ல. விழுந்தா யாரு பாக்குறது?"

அக்காவிடம் சொன்னேன். அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"விழுந்தது அவன். கூட்டிட்டுப் போறது என்னையாலே?"

சிரித்தோம். பிறகு அவள் சிரிக்கவில்லை. "மூணாவது மாடி வீடுடா தம்பி. அங்க போயி நான் எத்தப் பிடிச்சு நிக்க?"

மச்சான் இறந்தபின் மகாராஜபுரத்திலிருந்து இங்கே வந்தவள். அப்போது என் மனைவி காலமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. அன்று முதல் இந்த வீட்டில் அடுப்பு எரிவது அவளால்தான். கண்ணில் அழுத்தம்; போன பார்வை வராது, மிச்சத்தைச் சொட்டு மருந்தால் காப்பாற்றலாம் என்றார் மதுரை டாக்டர். "நெழலு நெழலாத் தெரியுது, போதும்" என்பாள்.

டிச. 5. திங்கள்.

வெயில் எட்டிப் பார்த்தது. வீட்டு வேலைக்கு வரும் பேச்சியம்மாள் பிளீச்சிங் பவுடரைத் தூவித் தென்னை வாரியலால் தேய்த்தாள். பாசி அசையவில்லை. மேலே பச்சை, அடியில் கறுப்பு. எத்தனையோ மழைக்காலத்துச் சேர்மானம்.

"அண்ணாச்சி, இதச் சொரண்டுனா என் நகந்தான் போவும்."

மதியம் ராஜபாளையம். பேண்டேஜ் துணி கம்பெனி ஒன்றில் தொழிலாளர் பேச்சுவார்த்தை, முடிவு இல்லை. வெளியே வரும்போது பார்த்தது: துணி வெளுக்கும் தொட்டிகளை ஓர் ஆள் தண்ணீராலேயே சுரண்டிக்கொண்டிருந்தார். பெட்ரோல் என்ஜின் வைத்த சிறிய பிரஷர் பம்பு, நீள ஓஸ், நுனியில் துப்பாக்கி போல ஒரு பீச்சுகுழல். கறை உரிந்து உரிந்து விழுந்தது. ஆள் பெயர் முருகேசன், ஃபிட்டர். பத்து நிமிடம் நின்று பார்த்தேன்.

"என்ன அண்ணாச்சி, பேப்பர்ல போடப் போறியளா?"

"இல்லப்பா. எங்க வீட்டு முற்றத்துக்கு வருமா?"

முதலாளியிடம் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். சாயங்காலமே போன். வியாழக்கிழமை தொட்டி வேலை இல்லையாம், டெம்போவில் கொண்டுவருகிறாராம்.

அக்காவுக்கும் சந்தோஷம். "நல்லா அடிச்சு விடச் சொல்லு. அந்தப் பய வந்து வாயத் தொறக்கக்கூடாது."

டிச. 8. வியாழன்.

மழை இல்லை. காலையிலேயே முருகேசன் வந்துவிட்டார். தண்ணீரை இறைத்துத் தொட்டி நிரப்பினோம். என்ஜின் சத்தத்தில் தெரு முழுக்கக் கூடிவிட்டது. பக்கத்து மாடியிலிருந்து ஒருவர்: "என்ன அண்ணாச்சி, போர் போடுறியளா?"

முதல் வீச்சிலேயே பாசி கிழிந்தது. கோடு கோடாகச் சிமெண்ட் வெளுத்து வந்தது. கட்டிய அன்று பார்த்தது; அதற்குப் பிறகு இன்றுதான் அந்த நிறம். மதில் சுண்ணாம்பு பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. துவைகல், கிணற்றுச் சுவர், பின்வாசல் படி, எதையும் விடவில்லை.

செத்த நேரம் நானும் துப்பாக்கியை வாங்கிப் பிடித்தேன். கை உதறுகிறது. அழுக்கு ஓடுவதைப் பார்க்க ஒரு பேராசை வந்துவிடுகிறது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று. முருகேசன்: "போதும் அண்ணாச்சி, தரை ஓட்டையாயிரும்."

கண்ணில் பட்ட ஒன்று. முற்றத்தின் நடுவில் பாசி பிடிக்காத ஓர் ஒற்றையடித் தடம் இருந்தது. பின்வாசலிலிருந்து கிணறு, கிணற்றிலிருந்து துவைகல், அங்கிருந்து கக்கூஸ். அக்கா நடந்து நடந்து தேய்ந்தது. இரு பக்கமும் பச்சை போனதும் தடமும் தெரியாமல் போயிற்று. எல்லாம் ஒரே வெள்ளை.

அக்கா அடுப்படி வாசலில் உட்கார்ந்து சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். முகத்தில் சாரல். துடைக்கவில்லை. முருகேசனுக்கு மீன் குழம்பு. "ஆச்சி கைக்கு மோதிரம் போடணும்" என்றார். "மொதல்ல சோத்தத் தின்னு" என்றாள்.

டிச. 9. வெள்ளி.

வானம் மூடல். அக்கா பின்பக்கம் போகவில்லை. முட்டு வலியாம். "ஏட்டி பேச்சி, ரெண்டு கொடம் எறச்சு உள்ள வச்சிரு." கக்கூஸுக்குப் போகும்போதும் பேச்சியம்மாளின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

தைலம் வாங்கி வந்தேன். எந்த முட்டு என்றேன். கொஞ்சம் யோசித்து இடது என்றாள்.

பிரஸ் கிளப் ஆண்டுக் கூட்டம். போகவில்லை.

டிச. 11. ஞாயிறு.

காலை ரயிலில் ஜெயசீலன். மூவரும் ஞாயிறு ஆராதனைக்குக் கோயிலுக்குப் போய் வந்தோம். அக்கா மகனின் கையைப் பிடித்தபடியே.

முற்றத்தைப் பார்த்ததும் அசந்துவிட்டான். "மாமா, ஏர்போர்ட்டு மாதிரில்லா இருக்கு! இனிமே என்ன, அம்மா இங்கனயே இருக்கட்டும்."

அவன் வாயால் அதைச் சொன்னான். குறித்துவைக்கிறேன்.

அக்காவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "இரு, ஒனக்குக் காப்பி போடுதேன்" என்று செம்பை எடுத்துக்கொண்டு கிணற்றுக்குப் புறப்பட்டாள். படி இறங்கினாள். சில எட்டு சரியாகப் போனாள். நின்றாள். இடது காலைப் பக்கவாட்டில் நீட்டித் தரையைத் தடவினாள், இருட்டில் செருப்புத் தேடுகிற மாதிரி. பிறகு வலது கால். இன்னும் கொஞ்சம் நடந்தாள். போனது மதில் பக்கம். கை மதிலில் பட்டது. தடவிப் பார்த்தாள். செம்பு சுவரில் இடித்தது.

"ஏலே தம்பி, கெணறு எங்கலே போச்சு?"

கிணறு அவள் முதுகுக்குப் பின்னால் இருந்தது.

ஜெயசீலன் ஓடினான். அவள் முகத்துக்கு முன்னால் கையை ஆட்டினான்.

"கைய ஆட்டாத. காத்து வருதுல்ல."

காப்பி யாரும் போடவில்லை.

எப்போதிருந்து என்று கேட்டேன். ஆடியிலேயே பார்வை போய்விட்டதாம், முழுசாக. ஆடியிலிருந்து அவள் சமைத்ததைத் தின்றிருக்கிறேன். அவள் துவைத்த சட்டையைப் போட்டிருக்கிறேன். "ஏன் சொல்லல?" என்றேன்.

"சொன்னா அடுப்புக்கிட்ட விடுவியா?"

கசிவை உடைப்பு என்று எழுதாதவன் நான். எதையும் போய்ப் பார்த்துவிட்டு எழுதுகிறவன்.

டிச. 12. திங்கள்.

தூறல். பின்வாசலிலிருந்து கிணறு வரைக்கும் தேங்காய் நார்க் கயிறு கட்டினேன். அக்கா பிடித்து நடந்து பார்த்தாள். துவைகல்லில் கால் இடித்தது. நகம் பெயர்ந்தது. ஜெயசீலன் என்னைக் கோபிக்கவில்லை, கோபித்திருக்கலாம். "வேண்டாம் மாமா. கயிறக் கட்டி நடக்கணுமா எங்கம்மா?"

விரலுக்குத் துணி சுற்றும்போது அக்கா சொன்னது, அவள் சொன்னபடியே:

"பாசி பட்டுத்துணி மாதிரி குளுகுளுன்னு கால்ல படும்டா. பட்டா இந்தப் பக்கம் வெலகிருவேன். அதப் பிடிச்சுத்தான் நடந்திருக்கேன்னு எனக்கே இப்பந்தான தெரியுது. தெரிஞ்சா அடிக்கச் சொல்லிருப்பேனா?"

நான்தானே துப்பாக்கியைப் பிடித்தேன் என்றேன்.

"நானுந்தான் நல்லா அடின்னேன். அழுவாத. மூக்கச் சிந்து."

போவதென்று அவளே முடிவு செய்தாள். "இல்லன்னா இவன் அங்கன தூங்க மாட்டான். நீயும் இங்கன பேப்பர் வேலைக்குப் போக மாட்ட. வாசல்லயே காவலுக்கு இருப்ப."

டிச. 13. செவ்வாய்.

ஸ்டேஷன். ரயில் தாமதம். கொண்டுபோனது: வேதப்புத்தகம் (இனி எதற்கு என்று அவன் கேட்க, "தலமாட்டுல இருக்கட்டும்" என்றாள்), நான்கு புடவை, மஞ்சள் பையில் அரைத்துவைத்த மிளகாய்த்தூள். எனக்குத் தனியாக ஒரு டப்பா வைத்திருக்கிறாளாம், மேல் தட்டில்.

பெட்டியின் படிக்கட்டில் அவள் கால் தேடியதைப் பார்த்தேன். குனிந்து பாதத்தைப் பிடித்து முதல் படியில் வைத்தேன். "கூசுதுலே" என்றாள்.

ஜன்னல் வழியாகக் கை நீட்டினாள். நான் நின்ற இடத்துக்குச் சற்றுத் தள்ளி. நகர்ந்துபோய் அந்தக் கையில் முகத்தைக் கொடுத்தேன்.

டிச. 18. ஞாயிறு.

மழை. கோயிலில் எல்லோரும் அக்காவைக் கேட்டார்கள். மகன் வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்றேன். செய்தி சரி.

ஓட்டல் சாப்பாடு. மிளகாய்த்தூள் டப்பாவைத் திறக்கவில்லை.

மாலை முருகேசன் போன். "கிறிஸ்மஸ் வருதுல்லா அண்ணாச்சி, இன்னொருக்கா வந்து அடிச்சு விடட்டா?"

வேண்டாம் என்றேன். குரல் உரக்கப் போய்விட்டது போல. "ஏதும் தப்பா அடிச்சுட்டனா?" என்று கேட்டார். இல்லப்பா, சுத்தமாகத்தான் இருக்கிறது என்றேன்.

டிச. 24. சனி.

மூன்று நாளாக விடாத மழை. அச்சகத்துக்கு லீவு, செய்தி அனுப்ப வேண்டியதில்லை. வாசலில் நட்சத்திரம் கட்டவில்லை.

அக்காவுடன் போன். நடுவில் ஒரே இரைச்சல்.

"சாப்ட்டியா?"

"ஆச்சு."

"பொய் சொல்லாத. இங்க தரயெல்லாம் வழுவழுன்னு ஒண்ணு போல இருக்குடா. கட்டில்லயே இருக்கேன். அங்க மழையா?"

"மூணு நாளா."

மறுபடி இரைச்சல். லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன்.

"அப்பப் பாசி பிடிச்சிருக்கும், பாரு."

டார்ச்சை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். முற்றம் வெள்ளையாகத்தான் இருக்கிறது. மதிலும் தரையும் சேர்கிற மூலையில், துப்பாக்கி எட்டாத இடத்தில், நகக்கண் அகலத்துக்குப் பச்சை. செருப்பைக் கழற்றிவிட்டுப் பெருவிரலை வைத்தேன். குளிர்ச்சி.

பேச்சியம்மாள் வாரியலோடு வந்தாள், நாளைக்குப் பண்டிகை, கழுவி விடுகிறேன் என்று. பின்பக்கம் மட்டும் தொடாதே என்றேன்.